இடைவெளி நிரப்புக



கொஞ்சம் நீளமான பதிவு. ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்களும், பிள்ளையின் விடைத்தாளில் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிற பெற்றோரும் பொறுமையாக வாசித்தால் சந்தோசம். இதில் வருகிற பிள்ளையின் பேரை எழுதவில்லை. உம்மாவிடமும் மகளிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

போன வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து தரம் 10 விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். இஷா தொழுதுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் சிவப்புப் பேனையைக் கீழே வைக்கப் பன்னிரண்டு மணியாகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கண் வாசிப்பதில்லை. கைதான் ஓடும். சரி, சரி, பிழை, சரி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் வினைச்சொல்லைச் சரியான வடிவத்தில் எழுத வேண்டிய கேள்வி அது. ஏழாவது வசனம் இப்படி இருந்தது:

மை மதர் ______ (பீ) இன் குவைத் ஃபோர் த்ரீ இயர்ஸ்.

விடை, ஹாஸ் பீன். என் விடைப்பட்டியலில் அப்படித்தான் இருந்தது. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். "ஃபோர் வந்தா, சின்ஸ் வந்தா, யோசிக்கத் தேவல்ல. ஹாஸ் பீன், ஹாவ் பீன்." வகுப்பில் நிறையப் பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் "வாஸ்" என்று எழுதியிருந்தா. வழமையாக நல்லாச் செய்கிற பிள்ளை. பிழை போட்டேன். பக்கத்தில் சின்னதாக "ஃபோர்!" என்று எழுதி ஒரு கோடும் கீறிவிட்டேன், கவனமில்லை என்று காட்டுவதற்கு.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று இடைவேளை மணி அடித்த பிறகும் அவ போகவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றா.

"டீச்சர், ஏழாவது ஏன் பிழ?"

"ஃபோர் இரிக்கிதானே மகள். ஹாஸ் பீன் வரணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு மெதுவாகச் சொன்னா.

"உம்மா வந்திட்டா டீச்சர். போன கிழமதான் வந்த."

நான் அந்தத் தாளை வாங்கித் திரும்பப் பார்த்தேன். மூன்று வருடம் குவைத்தில் இருந்த உம்மா இப்போது வீட்டில் இருக்கிறா. இருந்துவிட்டு வந்தவவைப் பற்றிச் சொல்வதற்கு "வாஸ்" தான் சரி. "ஹாஸ் பீன்" என்று எழுதியிருந்தால் உம்மா இன்னும் அங்கே இருக்கிறா என்றுதான் ஆகும். அந்தப் பிள்ளை நான் கொடுத்த குறுக்குவழியை விட்டுவிட்டு, ஆங்கிலம் என்ன சொல்கிறதோ அதை எழுதியிருக்கிறா. வகுப்பிலேயே அந்த வசனத்தை வசனமாக வாசித்தது அவ மட்டும்தான். அவவுக்குத்தான் நான் பிழை போட்டிருக்கிறேன்.

பிழையை வெட்டிச் சரி போட்டுப் புள்ளியைக் கூட்டிக் கொடுத்தேன். அவ சிரித்துக்கொண்டே போய்விட்டா. நான் இடைவேளை முடியும்வரை அந்தக் கதிரையில் அப்படியே இருந்தேன்.

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

நான் படித்த காலத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இடம் வருடக்கணக்கில் வெறுமையாகத்தான் இருந்தது. யுத்த காலம். வெளியூரிலிருந்து யாரும் வர மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஒரு லிகிதர் மாமா பின்னேரங்களில் அவருடைய வீட்டு விறாந்தையில் எங்களுக்குக் கடந்தகால வினாத்தாள் செய்து காட்டுவார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். அவர் எங்களுக்குப் படிப்பித்தது ஆங்கிலம் அல்ல, ஆங்கிலப் பரீட்சை. பெட்டிக்குள் இருக்கிற சொற்களை இடைவெளிகளில் போடும் கேள்வியை எப்படிச் செய்வது என்று ஒரு முழு நாள் சொல்லித் தந்தார். முதலாவது உங்களுக்காகச் செய்யப்பட்டுள்ளது என்று போட்டிருக்கும். அந்தச் சொல்லை முதலில் பெட்டியில் வெட்டிவிடு. 'ஏ' இருந்தால் பின்னால் வருவது பெயர்ச்சொல். 'டு' இருந்தால் பின்னால் வெறும் வினைச்சொல். தெரிந்ததைப் போட்டுப் போட்டு வெட்டிக்கொண்டு போ. கடைசியில் மிஞ்சுகிற சொல் கடைசி இடைவெளிக்கு.

பந்தி எதைப் பற்றியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை. யானையைப் பற்றியதா, டெங்கு நுளம்பைப் பற்றியதா என்று தெரியாமலே பத்துக்கு எட்டு எடுத்திருக்கிறேன். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு 'சி' வந்தது. எங்கள் வகுப்பில் அது பெரிய விசயம். வாப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டொபி கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு நேர்முகப் பரீட்சை. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் கேட்டார், உங்கள் தாயைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. கேள்வி விளங்கியது. என் உம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. வாயில் ஒரு வசனம் வரவில்லை. பெட்டி இல்லை. முதலாவதை யாரும் எனக்காகச் செய்து வைக்கவில்லை. "மை மதர்..." என்றேன். அதற்குப் பிறகு ஒரு நீளக் கோடுதான். அந்த முறை எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பிறகு எப்படி ஆங்கிலம் படித்தாய் என்று கேட்பீர்கள். வாப்பாவின் சில்லறைக் கடையில். சீனியும் பருப்பும் சுற்றுவதற்குக் கட்டுக் கட்டாகப் பழைய பத்திரிகை வாங்கி வைப்பார். அதில் ஆங்கிலப் பத்திரிகையும் இருக்கும். சரை சுற்றுவதற்குப் பக்கத்தை நாலாகக் கிழிப்பது என் வேலை. கிழிக்கிற இடத்தில் வசனங்கள் பாதியில் நிற்கும். வரியின் முதல் பாதி என் கையில் இருக்கும், மற்றப் பாதி யாருடைய வீட்டுக்கோ பருப்போடு போயிருக்கும். அந்தப் பாதியில் என்ன இருந்திருக்கும் என்று யோசிப்பதற்கு எனக்கு ஒரு பைத்தியமே பிடித்தது. மழை, வெள்ளம், அமைச்சர், கிரிக்கெட் என்று பந்தி எதைப் பற்றியது என்று முதலில் கண்டுபிடிக்காமல் ஒரு சொல்லும் பிடிபடாது. பெட்டி கிடையாது. சரியா பிழையா என்று சொல்ல ஆளும் கிடையாது. சிலவேளை மற்றத் துண்டு கட்டுக்குள் கிடைக்கும். பொருத்திப் பார்ப்பேன். நான் நினைத்த சொல் இருக்காது, ஆனால் அதே கருத்தில் இன்னொரு சொல் இருக்கும். அந்தச் சந்தோசத்தை இப்போதும் மறக்கவில்லை.

விறாந்தையில் நான் செய்ததும் இடைவெளி நிரப்புவதுதான். கடையில் செய்ததும் அதேதான். முதலாவது எனக்குப் புள்ளி தந்தது. இரண்டாவது எனக்கு மொழியைத் தந்தது. ஆசிரியையான பிறகு நான் பிள்ளைகளுக்கு முதலாவதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதிபரும் வலயமும் பெற்றோரும் கேட்பது சித்தி வீதத்தைத்தான். இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த "வாஸ்" விசயத்துக்குப் பிறகு இந்த இடைவெளிப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். பிள்ளைகளின் வசனங்களில் சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்வதை 1897இலேயே ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பிரெஸ்லவ் நகரப் பாடசாலைகளில் செய்து பார்த்திருக்கிறார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. பாட நேரம் போகப் போகப் பிள்ளைகளின் மூளை எவ்வளவு களைத்துப் போகிறது என்று பார்ப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று.

பிறகு 1953இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்பவர் இதற்குக் 'க்ளோஸ்' என்று பேர் வைத்தார். குறையாக இருக்கிற உருவத்தை மனம் தானாக முழுமையாக்கிப் பார்க்கும் என்று உளவியலில் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கருத்திலிருந்து எடுத்த பேர். ஒரு பந்தியில் ஐந்து சொல்லுக்கு ஒன்று என்று கணக்காக எடுத்துவிட்டு வாசிப்பவரை நிரப்பச் சொல்வது அவருடைய முறை. இதில் என்னை உட்கார வைத்த விசயம் ஒன்று இருக்கிறது. அவர் அந்தக் கட்டுரையை எழுதியது இதழியல் ஆய்வுச் சஞ்சிகை ஒன்றில். பிள்ளையைச் சோதிப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. எழுதப்பட்ட பந்தி வாசகருக்கு விளங்கக்கூடியதாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செய்தார். அதாவது, நிறையப் பேரால் நிரப்ப முடியவில்லை என்றால் எழுதினவர் யோசிக்க வேண்டும்.

நாங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். பிள்ளையால் நிரப்ப முடியவில்லை என்றால் பிள்ளைக்குப் பிழை.

இன்னொன்று. இப்படியான சோதனையைத் திருத்துவதற்கு இரண்டு வழி இருக்கிறது. மூலப் பந்தியில் இருந்த அதே சொல்லை எழுதினால் மட்டும் புள்ளி என்பது ஒன்று. கருத்துக்கும் இலக்கணத்துக்கும் பொருந்துகிற எந்தச் சொல்லுக்கும் புள்ளி என்பது மற்றது. முதலாவது திருத்துகிறவருக்கு இலேசு. இரண்டாவதுக்கு ஒவ்வொரு விடையையும் நின்று வாசிக்க வேண்டும். அன்று இரவு நான் இலேசானதைச் செய்தேன்.

இப்போது எல்லாரும் பேசுகிற செயற்கை நுண்ணறிவிலும் இந்தக் கதை இருக்கிறது. 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் பேர்ட் என்ற கணினி மாதிரியைப் பழக்கியபோது, வசனங்களில் நூற்றுக்குப் 15 அளவில் சொற்களைத் தெரிந்தெடுத்து, பெரும்பாலானவற்றை மறைத்துவிட்டு, அங்கே என்ன வரும் என்று ஊகிக்கப் பழக்கினார்கள். அவர்களுடைய கட்டுரையிலேயே டெய்லரின் 1953ஆம் ஆண்டு வேலையைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே இது சும்மா ஒரு பரீட்சைக் கேள்வி அல்ல. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார்த்து, இல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் வாசிப்பு. பெட்டியைப் பார்த்து வெட்டுவது அல்ல.

அதற்குப் பிறகு வகுப்பில் நான் மாற்றிய சில விசயங்களைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலாவது, தமிழை வெளியே அனுப்புவதை நிறுத்தினேன். ஆங்கிலப் பாடத்தில் தமிழ் பேசக் கூடாது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தமிழில் தொடங்குகிறேன். "உம்மா மூணு வருசமா குவைத்தில இருக்கா" என்று கரும்பலகையில் எழுதினேன். கீழே, "உம்மா மூணு வருசம் குவைத்தில இருந்தா." இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தரம் 6 பிள்ளையும் சொல்லும். "மேல உள்ள உம்மா இன்னும் வரல்ல. கீழ உள்ள உம்மா வந்திட்டா." அவ்வளவுதான். மேலே உள்ளது ஹாஸ் பீன், கீழே உள்ளது வாஸ். "வருசமா" என்பதில் வருகிற அந்த ஓர் எழுத்து செய்கிற வேலை அது. இரண்டிலும் ஃபோர் வரும். நான் பதினைந்து வருடம் சொல்லிக் கொடுத்த குறுக்குவழி பாதிதான் உண்மை.

'ஏ', 'த' இரண்டும் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய தலையிடி. தமிழில் அப்படிச் சொற்கள் இல்லை என்று சொல்லிவிடுவோம். சொல் இல்லாவிட்டாலும் கருத்து இருக்கிறது. "புத்தகம் வாங்கின நான்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கிட்டன்" என்றால் முன்பே பேசிக்கொண்ட, உங்களுக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அந்த 'ஐ' வருகிற இடத்தில் அனேகமாக ஆங்கிலத்தில் 'த' வரும் என்று சொன்னபோது ஒரு பையன், "இத ஏன் டீச்சர் முன்னமே சொல்லல்ல" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

மூன்றாம் ஆளுக்கு வருகிற அந்த 'எஸ்' விசயம். ஷீ கோ என்று எழுதாத பிள்ளை இல்லை. தமிழில் போறன், போறாய், போறான், போறா, போறாங்க என்று ஆளுக்கு ஆள் வால் மாறும். ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் என்று வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன வால் மிஞ்சியிருக்கிறது. ஒரே ஒரு வால், அதையும் வெட்டிவிடாதீர்கள் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. இப்போது யாராவது விட்டுவிட்டால் மற்றப் பிள்ளைகள் "வால், வால்" என்று கத்துகிறார்கள்.

இன், ஆன், அட் ஏன் குழம்புகிறது என்றால், பெட்டியில, மேசையில, சந்தியில என்று நாங்கள் எல்லாவற்றுக்கும் 'இல்' ஒன்றையே போடுகிறோம். ஆங்கிலம் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. உள்ளேயா, மேலேயா, அந்த இடமா என்று. பிள்ளை முட்டாள் இல்லை. பிள்ளையின் மொழி அந்த இடத்தில் அப்படிப் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, கிழமையில் ஒரு நாள் பெட்டி இல்லாத இடைவெளி கொடுக்கிறேன். இரண்டு மூன்று விடை சரியாக வரக்கூடிய வசனங்கள். எதைப் போட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டும். வாஸ் போட்டால் கதை என்ன, ஹாஸ் பீன் போட்டால் கதை என்ன. சத்தம் கூடும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது, பிள்ளைகளே இடைவெளி செய்வது. தன் வீட்டைப் பற்றி ஐந்து வசனம் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லை எடுத்தால் கஷ்டம், எதை எடுத்தால் இலேசு என்று யோசிக்கும்போதே பாதி இலக்கணம் வந்துவிடுகிறது. திருத்துவதும் எழுதின பிள்ளைதான். ஏனென்றால் தன் வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைக்குத்தானே தெரியும்.

கடந்தகால வினாத்தாளையும் செய்கிறோம். அதை விடவில்லை. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்குப் பரீட்சை எப்படி இருக்கும் என்று தெரியாமல் அனுப்புவது அநியாயம். பரீட்சைக்கு நான் எப்போதும் சொல்கிற புத்திமதி ஒன்று இருக்கிறது. பிழைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஆகவே ஓர் இடைவெளியையும் வெறுமையாக விட்டுவிட்டு வரக் கூடாது, தெரியாவிட்டாலும் யோசித்து ஏதாவது எழுதிவிட்டு வா. எல்லா ஆங்கில ஆசிரியரும் சொல்வதுதான்.

இந்தச் சின்னப் புத்திமதி எங்கே போய் நின்றது என்று பாருங்கள்.

அந்த "வாஸ்" நாளிலிருந்து ஒரு மாதம் இருக்கும். அதே பிள்ளை பாடசாலை விட்ட பிறகு வந்தா. புத்தகப் பைக்குள் இருந்து, ஒரு பக்கம் பின் அடித்த தாள்கள் நாலைந்தை எடுத்து மேசையில் வைத்தா. ஆங்கிலத்தில் தட்டச்சடித்த ஒப்பந்தம். உம்மா இரண்டாவது முறையாகப் போகப் போகிறா. வீட்டுக் கூரை பாதியில் நிற்கிறது. மூத்த மகளின் கலியாணத்துக்கு வாங்கின கடன் முடியவில்லை. வாப்பாவுக்கு முன்னைப் போல் கடலுக்குப் போக முடியாது.

"தரகர் நானா கொண்டு வந்து தந்த டீச்சர். உம்மாவ கீழ கையெழுத்துப் போடட்டாம். மிச்சத்த அவங்க நிரப்பிக்குவாங்களாம்."

தாளைப் பார்த்தேன். வேலை செய்கிற இடம், கோடு. மாதச் சம்பளம், கோடு. கிழமை விடுமுறை, கோடு. ஒப்பந்தக் காலம், கோடு. ஒவ்வொன்றிலும் கோடு மட்டும்தான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுக் காட்டியிருந்தது.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, ஒரு இடைவெளியையும் வெறுமையா உடப்படாது எண்டு. அதான் உம்மாட கையெழுத்தப் போட உடாம எடுத்துட்டு வந்தன்."

நான் பரீட்சைக்குச் சொன்னேன். அவ உம்மாவுக்காக எடுத்துக்கொண்டா.

ஒவ்வொரு கோட்டிலும் என்ன வர வேண்டும் என்று இரண்டு பேருமாக ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதினோம். அவவே வாசித்து அவவே கருத்துச் சொன்னா. தெரியாத சொல் வந்த இடத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்து ஊகித்தா. 'டிடக்ஷன்' என்ற சொல் தெரியவில்லை. பக்கத்தில் சம்பளம் இருக்கிறது, பிறகு 'ஃப்ரொம்' இருக்கிறது, அப்படியென்றால் சம்பளத்திலிருந்து எதையோ எடுக்கிறார்களா டீச்சர் என்று கேட்டா. அதற்கு மேல் என்ன வாசிப்புத் திறன் வேண்டும்?

என் வாப்பும்மா ஞாபகத்துக்கு வந்தா. அவ குர்ஆன் ஓதுவா. அரபுத்தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசிப்பா. வெள்ளிக்கிழமை இரவுகளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் அவ வாசிப்பதைக் கேட்க வருவார்கள். ஆனால் அரசாங்கத் தாள் எது வந்தாலும் பெருவிரலில் மை பூசித்தான் வைப்பா. கல்வியறிவு இல்லாதவ என்று அந்தத் தாள்களில் பதிவாகியிருக்கும். 1880களிலேயே அறிஞர் சித்தி லெப்பை முஸ்லிம் நேசன் பத்திரிகையில், நம் பிள்ளைகள் மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று எழுதினார். படித்தால் மதம் மாறிவிடுவார்கள் என்ற பயம் இருந்த காலம். அந்தப் பயத்திலும் காரணம் இல்லாமல் இல்லை. அன்று ஆங்கிலப் பாடசாலை என்றால் அனேகமாக மிஷனரிப் பாடசாலைதான். இன்று அந்தப் பயம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற தாள்களில் இன்னும் மற்றவர்கள்தான் இடைவெளி நிரப்புகிறார்கள்.

உம்மா அடுத்த நாள் தரகரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வாங்க, பிறகு போடுறன் என்று சொல்லியிருக்கிறா. அவர் கோபப்பட்டாராம். நீங்க என்ன பெரிய படிச்ச ஆக்களா என்றும் கேட்டாராம். பத்து நாள் ஆள் வரவில்லை. வீட்டில் எல்லாருக்கும் பயம், வந்த வாய்ப்புப் போய்விடுமோ என்று. எனக்கும் பயம்தான். ஒரு பிள்ளையின் வீட்டுச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் நித்திரை இல்லை.

பிறகு வந்தார். எல்லாக் கோட்டிலும் எழுதியிருந்தது. வாயால் சொன்ன சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவான தொகை. ஆனால் எழுத்தில் இருந்தது. கிழமையில் ஒரு நாள் விடுமுறை என்றும் இருந்தது. உம்மா இரண்டு நாள் யோசித்தா. கடைசியில் கையெழுத்துப் போட்டா. ஒரு பிரதி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறா. மகள் அதை உறையில் போட்டுக் குர்ஆன் வைக்கிற அலுமாரியில் வைத்திருக்கிறாவாம்.

நல்ல முடிவு என்று நான் சொல்லவில்லை. போகாமல் இருக்கக்கூடிய ஒரு வீடாக அது இருந்திருந்தால் அதுதான் நல்ல முடிவு. தான் எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று தெரிந்து போட்டா. அவ்வளவுதான்.

இந்த வருடம் அவ தரம் 11. போன மாதம் வகுப்பில் வழமை போல ஆளுக்கு ஆள் இடைவெளி வசனம் செய்து மாற்றிக்கொண்டார்கள். அவ எழுதின வசனங்களில் ஒன்று:

மை மதர் ______ இன் குவைத் ஃபோர் எய்ட் மந்த்ஸ்.

பக்கத்துப் பிள்ளை "வாஸ்" என்று எழுதிக் கொடுத்தா. போன முறை டீச்சரே சரி போட்ட விடை அல்லவா. இவ சிவப்புப் பேனை கேட்டு என்னிடம் வந்தா. கொடுத்தேன். வாஸ் என்பதை வெட்டிவிட்டு மேலே ஹாஸ் பீன் என்று எழுதினா.

"இன்னும் வரல்ல" என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரிசைக் கொப்பிகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடைப்பட்டியலுக்கு வெளியே ஒரு விடை வந்தால், பிழை போடுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒருமுறை கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தரம் அது பிழையாகத்தான் இருக்கும். மற்றப் பத்துக்காகக் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வருகிற ஆங்கிலத் தாள் எதுவானாலும், வங்கிப் படிவமோ, மருந்துச் சீட்டோ, வேலை ஒப்பந்தமோ, பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள். முன்னுக்குப் பார், பின்னுக்குப் பார் என்று மட்டும் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள். ஊரில் ஓர் ஆங்கில ஆசிரியர் இருப்பார், அவரிடமும் கேளுங்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த உம்மா சுகமாகத் திரும்பி வர எல்லாரும் துஆச் செய்யுங்கள். வந்த பிறகு அந்தப் பிள்ளை திரும்பவும் வாஸ் என்று எழுதட்டும். இன்ஷா அல்லாஹ், இந்த முறை யோசிக்காமல் சரி போடுவேன்.